மாசியில் மணக்கும் குட்டி ஐரிஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

தை பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் கறிவேப்பிலையில் பூச்சி, ரோசாவில் கரும்புள்ளி, செவ்வரத்தையில் வெள்ளை மா மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, இப்படித்தான். தையிலும் மாசியிலும் வெளிநாட்டுப் பூக்கள். பிள்ளைகள் அங்கிருந்து வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். அம்மா அப்பா அதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை வந்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே பூ. ஆகவே இந்த இதழை அதற்கே கொடுத்துவிட்டேன். கறிவேப்பிலைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் உங்கள் முறை.

கேள்வி: அக்கா, லண்டனில் மகள் வீட்டுப் புல்தரையில் பனிக்கு நடுவே ஒரு சாண்கூட இல்லாத ஊதாப் பூ பூத்திருக்கிறது. குனிந்து மணந்தால் நல்ல வாசமாம். இது என்ன பூ? எங்கள் பல்கனியில் வளர்க்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கிறது, மூன்று இதழ் வெளியே வளைந்து விழுகிறது, விழுந்த இதழின் நடுவில் செம்மஞ்சள் கோடு. உங்கள் படத்தில் இவ்வளவும் தெளிவாக இருக்கிறது. பெயர் ஐரிஸ் ரெட்டிகுலாட்டா. ஐரிஸ் இனங்களில் இது குட்டை. பூக்கும்போது பத்து, பதினைந்து சென்ரிமீற்றர்தான் இருக்கும். துருக்கி, கோகசஸ், ஈராக், ஈரான் பக்கத்து மலைகள் இதன் சொந்த ஊர். நிலத்துக்கடியில் ஒரு சின்னக் கிழங்கு. அதன் மேல்தோலைக் கையில் எடுத்துப் பார்த்தால் வலை பின்னியது போல நார் தெரியும். கடையில் வாங்கும்போது சரியான கிழங்குதானா என்று பார்க்க அந்த வலைத்தோல்தான் அடையாளம்.

வாசத்தைப் பற்றி உங்கள் மகள் சொன்னது சரி. வயலட் பூவின் வாசம் என்று எல்லாத் தோட்டப் புத்தகங்களிலும் எழுதியிருக்கும். வயலட்டை மணந்திராத நமக்கு அதனால் என்ன பயன்? அம்மம்மாவின் அலுமாரியில் இருந்த பழைய முகப்பவுடர் டப்பாவைத் திறந்தால் ஒரு இனிப்பு வாசம் வருமே, கிட்டத்தட்ட அது. ஆனால் குளிர்ந்த காற்றில் அது எழும்பாது. நின்றபடி மணந்தால் ஒன்றும் தெரியாது. நான் என் மகளோடு லண்டனில் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனபோது அங்குள்ள டேவிஸ் அல்பைன் ஹவுஸில், 2006 இல் திறந்த அந்தக் கண்ணாடி வீட்டில், இடுப்பு உயரத்தில் சட்டிகளை வைத்திருந்தார்கள். முழங்கால் வலிக்காரியான எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அடுத்த வருடம் ஒரு சட்டியில் நட்டு, மொட்டு வந்ததும் யன்னல் ஓரத்துக்குக் கொண்டு வரட்டும். வீட்டுச் சூட்டில் அந்த மொட்டு எவ்வளவு வேகமாக விரியும் என்று பார்க்க வேண்டும். கூரான குடை போலச் சுருண்டிருக்கும். தேநீர் ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் இதழ் விலகத் தொடங்கிவிடும். வாசமும் அப்போதுதான் அறைக்குள் பரவும்.

இனி உங்கள் பல்கனி. நிலத்தில் நட்டு வருடா வருடம் பூக்க வைப்பது கொழும்பில் நடக்காது. பலரும் மண் சரியில்லை, வெயில் கூட என்று நினைக்கிறார்கள். வெயிலை இந்தச் செடி விரும்பும். மண்ணை நாம் கலந்து கொடுக்கலாம். இல்லாதது குளிர். ஐரிஸ் ரெட்டிகுலாட்டாவின் பூக்கரு பெரும்பாலும் நடுவதற்கு முன்பே கிழங்குக்குள் உருவாகியிருக்கும். ஆனால் அது தண்டு நீண்டு மண்ணுக்கு வெளியே வர வேண்டுமானால், ஒன்பது பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் பன்னிரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து கிடைக்க வேண்டும். கொழும்பின் சராசரி வெப்பம் வருடம் முழுவதும் 27, 28 பாகை. மார்கழி விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குளிர் குளிர் என்கிறோமே, அப்போதுகூட 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். கிழங்குக்கு அது கோடை.

இரண்டாவது தடை மழை. இதன் சொந்த மலைகளில் குளிர்காலத்தில் பனி, வசந்தத்தில் பனி உருகிய நீர், கோடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த வரண்ட மாதங்களில்தான் கிழங்கு உறங்கி அடுத்த பூவைத் தயார் செய்கிறது. நம்முடைய ஊரில் மே தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. உறங்கும் கிழங்கு அழுகிப் போகும்.

ஒரே ஒரு பருவம் பூக்க வைத்துப் பார்க்கலாம், அதற்கு பிரிட்ஜ் இருக்கிறது. கீழே தெஹிவளைத் தம்பிக்கு எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் புது வீடு வாங்கியிருக்கிறான். முன்பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. லண்டனில் தையில் பூக்கிற இந்த ஐரிஸ் அங்கே ஏன் சித்திரை கிட்டத்தான் பூக்கிறது? எப்போது, எப்படி நடச் சொல்லலாம்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஐயா, இந்தப் பூ நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, பனி எப்போது விலகுகிறது என்று பார்க்கிறது. லண்டனில் நிலம் பெரிதாக உறைவதில்லை, அதனால் ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ தலைகாட்டும். ரொறன்ரோவில் நிலம் இறுகிக் கிடக்கும். மார்ச் கடைசி, ஏப்ரலில் பனி உருகி ஓரங்களில் மண் தெரிகிற இடத்தில்தான் முளைக்கும். தெற்குப் பார்த்த சுவரடியில் பனி முதலில் உருகும். அங்கே நட்டால் பக்கத்து வீட்டை முந்தலாம். பக்கத்து வீட்டை முந்துவதில் நம் ஆட்களுக்கு உள்ள ஆர்வம் எனக்குத் தெரியும்.

கிழங்குகள் கடைக்கு வருவது செப்டெம்பரில். ரொறன்ரோவில் நிலம் உறைவதற்குள் வேர் பிடிக்க வேண்டும் என்பதால் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு நவம்பர் வரை நேரம் உண்டு. கூர்ப்பக்கம் மேலே இருக்க, எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஐந்து, ஏழு சென்ரிமீற்றர் இடைவெளி போதும். ஒன்றிரண்டு நட்டுப் பிரயோசனம் இல்லை, கண்ணுக்கே தெரியாது. இருபது, முப்பது சேர்த்து நட்டால்தான் வீதியால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். விலையும் ரியூலிப்பை விடக் குறைவு.

ரொறன்ரோவின் பல பகுதிகளில் களிமண். அதில் அப்படியே நட்டால் உருகிய பனிநீர் தேங்கி நிற்கும். சிறு சல்லிக்கல்லும் கரடு மணலும் கலந்து மண்ணைக் கொஞ்சம் உயர்த்தி மேடு கட்டுவது நல்லது. அணில் தோண்டும் தொல்லை இருந்தால் நட்ட இடத்தின் மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து, அதன்மேல் மெல்லியதாக மண்ணைப் போடச் சொல்லுங்கள். முளை கம்பிக்கு இடையால் வந்துவிடும்.

உங்கள் மகன் இருக்கும் நகரத்துக்கும் இந்தப் பூவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குட்டி ஐரிஸில் இப்போது கடைகளில் கிடைக்கும் வெள்ளை, மஞ்சள், பச்சைப் புள்ளி போட்ட புதுவகைகள் பலவற்றைக் கலப்பினம் செய்து உருவாக்கியவர் ரொறன்ரோக்காரர், பெயர் அலன் மக்மர்ட்ரி. முப்பது வருடத்துக்கு மேலாக இதே வேலை. அவருடைய ‘ஐ கேச்சர்’ என்ற வகை வெள்ளை இதழில் நீலக் கீறலும் மஞ்சளுமாக இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் வாசத்துக்காக நடுகிறீர்கள் என்றால் பழைய ஊதா ரெட்டிகுலாட்டாவையே நட வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: சூரிச்சில் தங்கை வீட்டில் மஞ்சள் நிறக் குட்டி ஐரிஸ் போன வருடம் கொள்ளையாகப் பூத்தது. இந்த வருடம் புல் மாதிரி மெல்லிய இலைகள் மட்டும். பூ ஒன்றும் இல்லை. என்ன நடந்திருக்கும்?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: மஞ்சள் என்று சொன்னவுடனேயே விடை வந்துவிட்டது. அது ஐரிஸ் டான்ஃபோர்டியே. துருக்கி மலைகளில் இருந்து இதைச் சேகரித்த டான்ஃபோர்ட் என்ற பெண்மணியின் பெயர். தேன் வாசம் அடிக்கும். எல்லா ஊர் தோட்டக்காரர்களும் இதைப் பற்றி ஒரே முறைப்பாடுதான் சொல்வார்கள்: முதல் வருடம் பூ, இரண்டாம் வருடம் புல். பூத்து முடிந்ததும் தாய்க்கிழங்கு உடைந்து நெல்மணி அளவில் பல குட்டிகளாகப் பிரிந்துவிடும். அந்தக் குட்டிகள் பூக்கும் அளவுக்குப் பருக்க இரண்டு மூன்று வருடம் வேண்டும், அதுவும் நன்றாகச் சாப்பாடு கிடைத்தால்.

இதற்கு உள்ள பழைய வைத்தியம், மற்ற வகைகளை விட ஆழமாக, பதினைந்து சென்ரிமீற்றர் வரை இறக்கி நடுவது. ஆழத்தில் இருந்தால் பிளவுபடுவது குறையும். அது பிடிக்காவிட்டால் வருடாவருடம் புதுக் கிழங்கு வாங்க வேண்டியதுதான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் அதில் குறை காண மாட்டேன்.

ஊதா வகையும் பூக்காமல் போவது உண்டு. அங்கே காரணம் வேறு, பெரும்பாலும் மனிதர்தான். இந்த ஐரிஸின் இலை பூக்கும்போது குட்டையாக இருக்கும், பூ வாடிய பிறகுதான் நீளத் தொடங்கும். முப்பது, நாற்பது சென்ரிமீற்றர் வரை போகும். விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருண்டையாக உருளாது. நான்கு மூலை தட்டுப்படும். பூவும் இல்லை, இலை வேறு அலங்கோலமாகச் சாய்ந்து கிடக்கிறது என்று புல்வெட்டியை ஓட்டிவிடுகிறார்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவைச் சமைப்பது அந்த இலைதான். அது தானாக மஞ்சளாகிக் காயும்வரை தொடக்கூடாது. அந்தக் கிழமைகளில் பொட்டாசியம் கூடிய உரம், தக்காளிக்குப் போடுவது போதும், கரைத்து ஊற்றலாம். இலை காய்ந்த பிறகு தண்ணீர் காட்டவே கூடாது. புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவி தினமும் சுழல்கிற இடத்தில் இந்தக் கிழங்கு நிலைக்காது.

இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து, மேல்தோலில் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அது பூஞ்சை நோய், மைப்புள்ளி என்று சொல்வார்கள். அந்தக் கிழங்கைக் குப்பையில் போட வேண்டும், கூட்டெருவில் போடக்கூடாது. அதே இடத்தில் திரும்ப நடவும் கூடாது.

கேள்வி: பிரிட்ஜில் வைத்துக் குளிர்காட்டி கொழும்பிலேயே பூக்க வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எங்கள் வீட்டில் ஏசி அறை இருக்கிறது.
– தெஹிவளை வாசகர், வயது 24

பதில்: தம்பி, செய்யலாம். ஆனால் வீடியோவில் பிரிட்ஜுக்குள் போவதைக் காட்டுவார்கள், பிறகு பூத்ததைக் காட்டுவார்கள், நடுவில் உள்ள மூன்று மாதத்தைக் காட்ட மாட்டார்கள்.

கிழங்கை வெறுமனே பையில் போட்டுக் குளிர்காட்டுவதை விட, சட்டியில் நட்டுச் சட்டியோடு உள்ளே வைப்பதே நல்லது. குளிரில் இருக்கும்போதே வேர் ஓட வேண்டும். இருபது சென்ரிமீற்றர் வாய் அகலமுள்ள, ஆழம் குறைந்த மண்சட்டி ஒன்றை எடுங்கள். அடியில் ஓட்டை கட்டாயம். தும்புத்தூள் ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, உதிரியான மண் ஒரு பங்கு. கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், உப்பு. பத்துக் கிழங்கை நெருக்கமாக வைத்து மேலே ஐந்து சென்ரிமீற்றர் கலவை போட்டு, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். பிறகு பொலித்தீன் பையை லேசாகச் சுற்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில். நான்கு, ஐந்து பாகை இருந்தால் போதும். உறைபெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று கிழமையும் அதே பிரிட்ஜில் பழம் வைக்கக்கூடாது. அப்பிள், மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி எல்லாம் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயு வெளியேறும். கிழங்குக்குள் இருக்கும் பூக்கரு அதில் கெட்டுப்போகும். இலை வரும், பூ வராது. நம் வீடுகளில் பழம் இல்லாத பிரிட்ஜ் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த முயற்சியின் உண்மையான சிக்கல். வீட்டில் பழைய சின்னப் பிரிட்ஜ் ஒன்று சும்மா இருந்தால் தொடங்குங்கள். அம்மாவின் மீன்சட்டிக்கும் நேற்றைய சொதிக்கும் இடையில் ஒரு மண்சட்டியை மூன்று மாதம் வைத்திருக்க உங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தெளிக்கலாம். வெள்ளையாக முளை வெளியே வந்து விரல் நகம் அளவு ஆனதும் எடுத்து, ஏசி அறையின் வெளிச்சமான யன்னலடியில் வையுங்கள். எவ்வளவு குளிராக வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மின்கட்டணத்தை நினைத்தால் பதினெட்டு, இருபது பாகைக்குக் கீழே யாரும் போக மாட்டார்கள், புரிகிறது. அதுவே இந்தச் செடிக்குச் சூடுதான். இரவில் ஏசியை நிறுத்திவிட்டு அறையை மூடி வைத்தால் மொட்டு விரியாமலே கருகலாம். சரியாக விரிந்தாலும் லண்டனில் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும் பூ இங்கே மிக விரைவில் வாடிவிடும். பூத்து முடிந்த கிழங்கை வைத்திருந்து பலன் இல்லை.

சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உங்கள் ஐரிஸை ரசிக்க மாட்டார்கள், தட்டைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: நுவரெலியாவில் இருக்கிறோம். உங்கள் பத்தியில் எல்லாம் கொழும்புக்கே எழுதுகிறீர்கள். எங்கள் குளிரில் இந்த ஐரிஸ் வராதா?
– நுவரெலியா வாசகி

பதில்: பத்திரிகை கொழும்பில் அச்சாகிறது, அதனால் வந்த வினை. மன்னிக்கவும்.

இலங்கையில் இதற்கு வாய்ப்புள்ள ஊர் உங்களுடையதுதான். 1,868 மீற்றர் உயரம், சராசரி 16 பாகை அளவில். தை, மாசி விடியற்காலைகளில் சில நாள் புல்லில் உறைபனிகூடப் படியும். ஆனால் காலை பத்து மணிக்கு வெயில் அடித்தால் அந்தக் குளிர் போய்விடுகிறது. கிழங்கு கேட்பது இரவும் பகலும் விடாமல் நிற்கும் குளிர். ஆகவே நீங்களும் செப்டெம்பரில் சட்டியை பிரிட்ஜில் வைத்துத் தொடங்குங்கள். டிசம்பர் கடைசியில் வெளியே எடுத்து, மழை நனைக்காத விறாந்தை ஓரத்தில் வையுங்கள். கொழும்பில் ஏசி செய்யும் வேலையை உங்களுக்கு மலைக்காற்று சும்மா செய்து தரும். பூவும் கூட நாள் நிற்கும். அடுத்த வருடமும் அதே கிழங்கு பூக்குமா என்றால், உங்கள் ஊர் மழையை நினைத்து, சந்தேகம்தான்.

கேள்வி: அக்கா மார்ச்சில் கனடாவில் இருந்து வருகிறா. பெட்டிக்குள் கொஞ்சக் கிழங்கு போட்டுக்கொண்டு வரச் சொல்லலாமா?
– கிருலப்பனை வாசகி

பதில்: வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடுவதற்கான எந்தத் தாவரப் பாகத்தையும் முன்கூட்டியே அனுமதிப்பத்திரம் எடுக்காமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கட்டுநாயக்கவில் இருக்கிறது; அனுமதி அங்கே கேட்க வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வெறும் பூக்கிழங்குக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பீர்கள். ஒட்டியிருக்கும் ஒரு துளி மண்ணில் வரும் புழு நம் வெங்காயத் தோட்டத்தில் இறங்கினால் யார் பதில் சொல்வது?

அதுவும் மார்ச்சில் கிழங்கு கடையில் இருக்காது, நிலத்துக்குள் பூத்துக்கொண்டிருக்கும். அக்காவிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

கேள்வி: விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களில் ‘ஐரிஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அது இந்தக் குட்டிப் பூவில் இருந்தா எடுக்கிறார்கள்?
– வத்தளை வாசகர்

பதில்: இல்லை. அது உயரமாக வளரும் வேறு ஐரிஸ், முக்கியமாக ஐரிஸ் பல்லிடா. பூவில் இருந்தும் அல்ல, வேர்க்கிழங்கில் இருந்து. இத்தாலியில் புளோரன்ஸைச் சுற்றி நெடுங்காலமாகப் பயிரிடுகிறார்கள். தோண்டி எடுத்தவுடன் அந்தக் கிழங்கில் மணம் இல்லை; தோல் சீவிக் காயவைத்து மூன்று வருடம், சில வேளை ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். அதற்குள் ஐரோன் என்ற சேர்மங்கள் உருவாகி வயலட் வாசம் வரும். விலை ஏன் அவ்வளவு என்று இப்போது விளங்கும். அந்தத் தூளைத்தான் பழைய நாளில் முகப்பவுடரிலும் கலந்தார்கள். அப்புறம், முதல் பதிலில் நான் அம்மம்மாவின் டப்பாவை இழுத்தது சும்மா இல்லை.

குட்டை வகைகளிலேயே வாசத்துக்கு எது என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சாதாரண ரெட்டிகுலாட்டா முதலில். செவ்வூதா நிறத்தில் வரும் ‘ஜே. எஸ். டைட்’ நன்றாக மணக்கும். மஞ்சள் டான்ஃபோர்டியேக்குத் தேன் வாசம், தொல்லையை மேலே சொல்லிவிட்டேன். வெளிர்நீலத்தில் மஞ்சள் தெளித்த ‘கத்தரின் ஹொட்ஜ்கின்’ இங்கிலாந்தில் எல்லோருக்கும் செல்லம், ஈ. பி. ஆண்டர்சன் என்பவர் உருவாக்கித் தன் நண்பரின் மனைவி பெயரை வைத்தார். படத்துக்கு அதைவிட நல்லது இல்லை. மணந்து பார்த்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு வில்லங்கம் என்றால் கொழும்பில் இருக்கிற எங்களுக்கு ஐரிஸ் மாதிரி, குட்டையாக, வாசத்தோடு ஏதாவது சொல்லுங்களேன்.
– மட்டக்குளி வாசகி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். இரண்டு சொல்கிறேன்.

ஒன்று நியோமாரிக்கா கிரசிலிஸ். பிரேசில் பக்கத்துச் செடி, ஐரிஸ் குடும்பமே. விசிறி மாதிரி இலை விரியும், வெள்ளை இதழும் நடுவில் நீலச் சுருளும் உள்ள பூ, மெல்லிய வாசம். குளிர் எதுவும் கேட்காது. காலையில் விரியும், பொழுது சாயும்போது சுருங்கிவிடும், ஒரு நாள் ஆயுள். ஆனால் ஒரு தண்டில் ஒன்று போக மற்றது வரும். பன்னிரண்டு இலை வந்த பிறகுதான் பூக்கும் என்று சிலர் எண்ணிக்கொண்டிருப்பார்கள், நான் எண்ணுவதில்லை. பூத்து முடிந்த நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்கும், அதன் பாரத்தில் தண்டு வளைந்து மண்ணைத் தொட்டு அங்கேயே வேர்விடும். அடுத்த சட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தால் அது தானே போய் உட்கார்ந்துகொள்ளும். என் வீடு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கடல்பக்கம் பார்த்த தொடர்மாடி. உப்புக்காற்றில் இலை நுனி கருகும். அதனால் சட்டியைப் பல்கனிச் சுவருக்கு உட்பக்கம், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். நேரடி மதிய வெயில் இதற்கு வேண்டாம்.

இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது: கெம்ப்ஃபேரியா ரொட்டண்டா. இது இஞ்சிக் குடும்பம், ஐரிஸ் அல்ல. ஆனால் குட்டி ஐரிஸ் செய்யும் வித்தையை நம்முடைய வெப்பத்தில் செய்வது இதுதான். இலை முழுவதும் காய்ந்து சட்டி வெறும் மண்ணாகக் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பூ மட்டும் வரும், தண்டு இல்லை, இலை இல்லை. வெள்ளையும் இளம் ஊதாவுமாக, நல்ல மணத்தோடு. ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான், ஆனால் ஒரு கிழங்கில் அடுத்தடுத்து வரும். தை, மாசியில் மழை குறையும்போது சட்டியைக் கூரைக்குக் கீழே இழுத்து நனையாமல் வையுங்கள். அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் இலை மட்டும் வளரும். பூ முடிந்து கோடுபோட்ட இலை எழும்பியதும் பழையபடி தண்ணீர், கொஞ்சம் கூட்டெரு.

நாற்றுமேடைகளில் பெயர் தெரியாமல் இஞ்சி என்று எழுதி வைத்திருப்பார்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே வெள்ளிப்பச்சைத் திட்டு, அடியில் ஊதா நிறம் இருந்தால் எடுக்கலாம்.

கேள்வி: ஐரிஸ் கிழங்கு நஞ்சு என்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேரனும் ஒரு பூனையும். பயப்பட வேண்டுமா?
– கொழும்பு 6 வாசகி

பதில்: ஐரிஸ் எந்த வகையாக இருந்தாலும், கிழங்கைக் கடித்தால் வாய் எரியும், வாந்தி, வயிற்றோட்டம் வரும். பூனைக்கும் அப்படியே. சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், நடும்போது கையுறை போடுங்கள். சட்டியில் நட்டுவிட்டால் பயம் குறைவு. ஆபத்து நடுவதற்கு முன் இருக்கும் நாட்களில்தான். உரித்த தோலோடு மேசையில் கிடக்கும் ஐரிஸ் கிழங்கைச் சின்ன வெங்காயம் என்று நினைக்க இரண்டு வயது தேவையில்லை, சமையலுக்கு உதவிக்கு வருகிறவரே நினைக்கலாம். பையில் பெரிய எழுத்தில் பூக்கிழங்கு என்று எழுதி, வெங்காயக் கூடை இருக்கும் அறையில் அல்லாமல் வேறு அறையில் வையுங்கள்.